73939133-ஐ வகுத்தவர்

யசோதா லேக் மார்க்கெட்டில் ஒரு காப்பித்தூள் கடையில் பொட்டலம் போடுகிறார். பகல் இரண்டு மணிக்கு வீடு வந்து சாப்பிட்டதும், நாலு மணி வரை வகுத்தல் கணக்கு. பதினாலு மாதமாக ஒரே எண்: 73939133.

அதைச் சொன்னவள் மாடியறையில் குடியிருக்கும் சுபிக்ஷா, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பவள். அது பகா எண்; ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாது. வலது ஓரத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக வெட்டிக்கொண்டே வந்தாலும், மிஞ்சுவது கடைசி 7 வரைக்கும் பகா எண்தான். இந்தக் குணமுள்ளவற்றில் இதுதான் ஆகப் பெரியது. கம்ப்யூட்டர் ஒரு நொடியில் சொல்லிவிடும் என்றாள். என் கையால் போட்டுப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்றார் யசோதா.

அதன் வர்க்கமூலத்துக்குள் அடங்கும், 8597 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். ஆயிரத்துக்கு மேல் வரும். சுபிக்ஷா பட்டியலை அச்செடுத்துத் தந்தாள். யசோதா 8597-இல் தொடங்கிக் கீழே இறங்கினார். பாத்திரம் தேய்க்கும்போதும் பெரியதைத்தான் முதலில் எடுப்பார்.

போன வியாழக்கிழமை 29-க்கு வந்தார். மீதி பூஜ்யம்.

கணவர் சீதாராமன் எட்டிப் பார்த்தார். "போச்சா? முதல் நாளே இருபத்தொன்பதைப் போட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பதினாலு மாசம்!"

யசோதா எழுந்து போய், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தார். பிறகு உட்கார்ந்து ஈவை 29-ஆல் பெருக்கிப் பார்த்தார். 73931933 வந்தது. பக்கத்தின் தலையில் எழுதியிருந்ததும் அதுவேதான். நோட்டு அட்டையைத் திருப்பினார். அட்டையில் 91 இருந்த இடத்தில், பக்கத்தில் 19 இருந்தது. புதுப் பக்கம் தொடங்கும்போது இடம் மாற்றி எழுதியிருக்கிறார்.

"எண்ணு மேல தப்பில்ல," என்றார். "என் மேலதான்."

அந்தப் பக்கத்தில் போட்டிருந்த ஐந்து கணக்கையும் அடித்துவிட்டு மறுபடி போட்டார். 29-க்கு இப்போது மீதி எட்டு. 23, 19, 17, 13, 11 எல்லாவற்றுக்கும் ஏதோ மிஞ்சியது. ஏழுக்கு இரண்டு. கடைசி இலக்கம் மூன்று, ஆகவே ஐந்தும் இரண்டும் போயின. இலக்கங்களின் கூட்டுத்தொகை 38; மூன்றும் போயிற்று. பட்டியலில் எதுவும் பாக்கியில்லை.

சாயங்காலம் சுபிக்ஷா ஆறு நோட்டுகளையும் அங்கங்கே பிரித்து, இருபது கணக்கைப் போனில் சரிபார்த்தாள். ஒன்றுகூடத் தப்பாக இல்லை.

"நான் சும்மா நம்பிட்டிருந்தேன், ஆன்ட்டி," என்றாள். "நீங்கதான் பார்த்திருக்கீங்க."

யாரும் சொல்லாமலே சீதாராமன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை மிட்டாய்க்கடைக்காரர் அரை கிலோ சந்தேஷை நிறுத்தபடி, வீட்டில் எந்தப் பிள்ளை பாஸ் என்று வங்காள மொழியில் கேட்டார். மனைவி என்றார் சீதாராமன். கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்க்க, அந்த எட்டு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, தப்பில்லாமல் சொன்னார்.