சந்தனப் பொட்டும் தானே ஆறும் கோட்டிங்கும்

என் கார் பெயிண்டின் மேல் கீறல் தாங்கும் கோட்டிங் போட்ட கிள்ளான் ஊர்க் கடை முதலாளி, இன்று என் வாரண்டி அட்டையைப் பறித்து வைத்துக்கொண்டார். இது அநியாயம்.

கீறல் விழுந்தால் தானே ஆறிவிடும் என்று சொல்லித்தான் போட்டார். கார் பூசையில் பானெட்டில், அதாவது எஞ்சின் மூடியில், வைத்த சந்தனப் பொட்டு காய்ந்துவிட, துணியால் அழுத்தித் தேய்த்தேன். மெல்லிய கோடுகள் விழுந்தன. இரண்டு வாரம் வீட்டு நிழலில் நிறுத்தியும் ஆறவில்லை. இன்று கடைக்குக் கொண்டுபோனேன்; அட்டையை வாங்கிக்கொண்டு முதலாளி சொன்னார்:

“பொட்டு வெச்சா வாரண்டி இல்ல அங்கிள். கோட்டிங் செத்துப்போச்சு லா.”

“சாகல தம்பி. அதுக்குச் சூடு வேணும். நீங்க சொல்லல, நானே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

கொண்டுபோன பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரைக் கோடுகள் மேல் ஊற்றினேன். கோடுகள் மறைந்தன.

“அங்கிள், இங்கயே வேலைக்கு வந்துடுங்க!” என்று சிரித்தார். அட்டையைத் தரவில்லை.

“பொட்டு வெச்சது வெச்சதுதான்.”

“வாசல்ல நிக்கிற உங்க வேன்லயே மூணு பொட்டு இருக்கே தம்பி?”

அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

முதலாளி நாளைக்குள் அட்டையைத் திருப்பித் தர வேண்டும். விளம்பரப் பலகையில் ‘தானே ஆறும்’ என்பதை அழித்து, ‘சூடு பட்டால் ஆறும்’ என்று எழுத வேண்டும். பொட்டு வைக்கும் நண்பர்கள் காய்வதற்குள் ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். இதே கோட்டிங் போட்டவர்கள் கீழே கருத்தில் சொல்ல வேண்டும்: சூடு பட்டுக் கோடு ஆறியும் மனம் ஆறாதவன் நான் மட்டும்தானா?