மீதி பத்து

"இன்னா பாய், பொட்டிய அப்டி பாத்துகினு கீற? பொண்ணு பாக்க வந்தியா?" லாரிக்குள்ளிருந்து டிரைவர் பாரி கேட்டான்.

சௌக்கத் அலி திரும்பவில்லை. "நம்பரப் பாருடா. அஞ்சு லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூத்திப் பத்து."

"பாத்தேன். அதுக்கு?"

"ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, பதினேழு. இந்த ஏழு நம்பரையும் பெருக்கு, இதான் வரும். நடுவுல ஒரு பகா எண்கூட வுட்டுப் போவல. இத மீதியில்லாம வகுக்க எத்தினி நம்பரு கீது தெரியுமா? நூத்தி இருபத்தெட்டு."

"அதுல ஒண்ணாவது கேட்டைத் தொறக்குமா பாய்?"

அலுவலக ஜன்னலில் நான் சிரித்துவிட்டேன். சௌக்கத் அலியும் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறக்கச் சொன்னார்.

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் அவர் பத்தொன்பது வருடமாக டேலி கிளார்க். வரும் பெட்டியின் எண்ணைப் பார்த்து எழுதுவது வேலை. பத்தாவதோடு படிப்பு நின்றது. எண்களைப் பற்றிப் பேசினால் மனைவி ஜீனத் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார் என்று அவரே சொல்வார்.

பெட்டியில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். அந்தக் கடைசி இலக்கம் காவலுக்கு. எழுத்துக்கும் ஒரு மதிப்பு வைத்து, இடத்துக்கு இடம் இரட்டிக்கும் எண்ணால் பெருக்கி, கூட்டி, பதினொன்றால் வகுத்தால் வரும் மீதி அது. ஒரு இலக்கம் தப்பானாலும் மீதி மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மீதி பத்து வந்தால் கட்டத்தில் இடமில்லை. பூஜ்யம் என்றே போடுவார்கள்.

சென்ற ஜூலையில் ஒரு பெட்டி வந்தது. ஆறாவது இலக்கமான எட்டு, துருவில் பாதி அழிந்து ஆறாகத் தெரிந்தது. விதிப்படி, அதே எண் எழுதியிருக்கும் கதவுப் பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும். அவர் நின்ற இடத்திலேயே மனக்கணக்குப் போட்டார். மீதி பத்து, கட்டத்தில் பூஜ்யம். சரியாக இருந்ததால் ஆறு என்றே எழுதினார். மற்ற இலக்கமெல்லாம் அதேயாக, ஆறில் முடியும் கொழும்புப் பெட்டி ஒன்றும் அன்று யார்டுக்கு வர வேண்டியிருந்ததால் கணினியும் ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூர் போக வேண்டிய பெட்டி கொழும்புக் கப்பலில் ஏறிவிட்டது.

நான்கு எழுத்தையும் சேர்த்து எண்ணினால் அது பத்தாவது இடம்; ஒன்றில் தொடங்கி இரட்டித்தால் அதன் பெருக்கெண் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஆறுக்கும் எட்டுக்கும் இரண்டு வித்தியாசம். ஆக ஆயிரத்து இருபத்து நான்கு. அதைப் பதினொன்றால் வகுத்தால் மீதி ஒன்று. பத்தோடு ஒன்று சேர்ந்தால் பதினொன்று, மீதி பூஜ்யம். இரண்டு எண்ணுக்கும் கட்டத்தில் ஒரே பூஜ்யம்தான்.

மேலாளர் அருள்நாதனிடம் இதை மூன்று முறை சொன்னார்.

"பாய், நம்பரைத் தப்பா எழுதினீங்களா, இல்லியா?"

"எழுதினேன் சார்."

"அவ்ளோதான். கவனக்குறைவுன்னு எழுதிக் குடுங்க. இங்கிலீஷ்ல. அஞ்சு மணிக்குள்ள."

எழுதிக் கொடுத்தால் வேலை போகும். கொடுக்காவிட்டாலும் போகும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். முதல் வரியைத் தட்டச்சு செய்து, தமிழில் படித்துக் காட்டினேன்.

"கவனக்குறைவுன்னு போடாதம்மா," என்றார். "அந்தப் பொட்டிய நான் பாத்தா மாதிரி எவனும் பாத்திருக்க மாட்டான். பத்து வந்துது, பூஜ்யம்னு எடுத்துகினேன், கதவாண்ட போவல. அத மட்டும் எழுது. வேலை போனா போவட்டும்."