எங்கள் ஊர் விவசாய ஊராம்

அரசாங்கக் காகிதத்தில் எங்கள் ஊர் விவசாயக் கிராமம். அந்த வருஷம் தை மாதம் என் மிளகாய்ப் பழம் செடியிலேயே வெம்பிக் கிடந்தது. பறிக்க ஓர் ஆள் கிடையாது. காலை ஏழு மணிக்குள் வெடிக் கம்பெனி வேன் ஊரையே அள்ளிக்கொண்டு போயிருக்கும். என் மகளும் அதில்தான் போனாள். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடம் தவறியிருந்தது. மறுபரீட்சை வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று, படித்த நானே சம்மதித்தேன்.

ஒருநாள் பத்தரை மணிக்குத் தரை அதிர்ந்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் புகை. சைக்கிளை மிதித்துக் கம்பெனி வாசலுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேனோ! போர்மேன் வருகை நோட்டைப் புரட்டினார்.

"அப்படி ஒரு பேரே இல்லைங்க. வீட்டுக்குப் போங்க."

"காலைல நாந்தானய்யா வேன் ஏத்திவிட்டேன்!"

"நோட்டுல இல்லாத ஆளு உள்ள எப்படி இருக்கும்?"

மகள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கப் போனவன், எனக்கு ஒரு மகள் உண்டு என்று வாதாடிக்கொண்டு நின்றேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கருவேலங்காட்டு வழியாக அவளே வந்தாள். காலில் செருப்பில்லை, முழங்கை வெந்திருந்தது. வயது பதினேழு என்பதால், மூட்டுவலியில் வேலையை விட்ட என் தங்கையின் பெயரில் அவளைச் சேர்த்திருக்கிறார்கள்.

"நான் செத்திருந்தா அத்தைக்குத்தாம்ப்பா மாலை போட்டிருப்பாக" என்றாள்.

அடுத்த மாதம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஓர் ஆசிரியர் வந்தார்.

"வீட்டுல எல்லாருக்கும் விவசாயம்னு போட்டுக்கிறேன். பாப்பா படிக்குது. சரிதான?"

"இல்ல சார். வெடிக் கம்பெனில வேலை பாத்தா."

"வயசு பத்தலையே. நாளைக்கு உங்களுக்குத்தான் தொந்தரவு."

"அந்தத் தொந்தரவையும் சேத்து எழுதுங்க."

அடுப்படியிலிருந்து என் மனைவி பாய்ந்து வந்தாள். "கூறு கெட்ட மனுசா, பிள்ளையக் கட்டிக்குடுக்க வேண்டாமா? சார், படிக்குதுன்னே போடுங்க."

மகள் கைக்கட்டைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "கம்பெனின்னே எழுதுங்க சார். இல்லாட்டி நான் அங்கன போகவே இல்லன்னுதான் சொல்லுவாக."

ஆசிரியர் பேனாவை மூடிவிட்டு எழப் பார்த்தார். வெடிக் கம்பெனி என்று எழுதி முடிக்கும்வரை அவரை நான் எழவிடவில்லை.