சிஸ்டர் எழுதிய அளவுகள்

அந்தப் படிவங்களில் எண்களைச் சுற்றி நான் போட்ட சிவப்பு மை வட்டங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஒரே குடும்பங்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அளந்து, பல ஆண்டுகள் தொடரும் உடல்நலக் கணக்கெடுப்பு எங்களுடையது. போர்ட் பிளேரில் உட்கார்ந்து சரிபார்ப்பது என் வேலை. அந்தச் சுற்றில், பாராடாங் தீவின் ஒரு தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. ஒரு தெரு முழுக்கவா ஏறும்? அங்கே அளவெடுக்கும் நர்ஸ் சிஸ்டர் வீடு வீடாகப் போகாமல் உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பிவிட்டார் என்று நினைத்தேன். படகில் அக்கரை போய் ஒருவர் கையையாவது அளந்து பார்த்திருக்கலாம். ‘நம்பத்தக்கதல்ல’ என்று எழுதி மேலே அனுப்பிவிட்டேன்.

சிஸ்டர் ஒரே ஒருமுறை போன் செய்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து அந்தமானுக்கு வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். தமிழில் இந்தி தானாகக் கலந்துவிடும்.

“சார், ஒவ்வொரு கையையும் ரெண்டு தரம் டீக்ஸே, சரியா பார்த்துத்தான் எழுதினேன். ஒருநாள் நீங்களே வாங்க, நான் கூட வர்றேன்.”

“பார்க்கலாம் சிஸ்டர்” என்றேன். அந்த மாதமே அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்த சுற்றுக்கு ஆள் போதாமல் நானே போக வேண்டியிருந்தது. முதல் வீட்டில் கருவி பழுதென்று நினைத்து வேறொன்றை எடுத்தேன். மூன்று வீடு தாண்டியதும் பழைய படிவங்களை எடுத்து ஒப்பிட்டேன். சிஸ்டர் எழுதியதற்கும் மேலேதான் எல்லாம் இருந்தது.

கடைசி வீட்டில், முன்பு படகு ஓட்டிக்கொண்டிருந்தவர் கட்டிலில் கிடந்தார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போயிருந்தன, பேச்சும் இல்லை. அவர் மனைவிதான் சொன்னார்.

“சிஸ்டர் சொல்லி மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு சார். அப்புறம், அவங்க எழுதினதெல்லாம் கலத், தப்புன்னு ஆபீஸ்லயே சொல்லிட்டாங்கன்னு கேள்விப்பட்டோம். ‘உடம்பு டீக்காத்தானே இருக்கு, எதுக்கு தவாய்’னு நிறுத்திட்டாரு.”

சொன்னவன் நான்தான் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. கட்டிலில் கிடந்தவரின் இடது கையை அளந்தேன், எழுதிக்கொண்டேன், வெளியே வந்துவிட்டேன்.

சிஸ்டர் பெரார்கஞ்சில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு இருந்தார். தேடிப் போய், படகுக்காரருக்கு நேர்ந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மாத்திரை அட்டைகளை அடுக்கியபடியே, “அந்த அண்ணன் வீட்ல சொல்லிட்டீங்களா சார்?” என்றார்.

“இல்லை.”

“அப்ப முதல்ல அங்க போங்க. எனக்கு வேற வேலை கிடைச்சிருச்சு.”

அதன் பிறகு இரண்டு சுற்றுகள் முடிந்துவிட்டன. பாராடாங்குக்கு ஒவ்வொரு முறையும் வேறு யாரையாவதுதான் அனுப்புகிறேன்.