நான் முடிச்சு போட்ட அறை

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய சிவப்பு நூல் உருண்டை இருக்கும். பட்டுக் கடையில் என் வேலை, நெசவாளிகள் கொண்டுவரும் புடவையை வெளிச்சத்தில் பிரித்துப் பிடித்துக் குறை கண்டுபிடிப்பது. நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்திருந்தாலும், கரையும் உடலும் சேரும் இடத்தில் குறுக்கே ஓடும் ஊடை நழுவியிருந்தாலும், அதற்கு நேராக ஓரத்தில் ஒரு சிவப்பு முடிச்சு போடுவேன். முடிச்சைப் பார்த்த நெசவாளி வாதாட மாட்டார். புடவையை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போவார். இதையே இருபது வருஷமாகச் செய்கிறவனுக்குத் தலைக்கனம் வராமல் இருக்குமா? வந்தது. ரசத்தில் உப்பு குறைந்தது என்று நான் முகத்தைச் சுளித்தால் போதும், என் மனைவி "இன்னா, முடிச்சு போட்டாச்சா?" என்பாள். எங்கள் மகளும் அதையே பிடித்துக்கொண்டாள். பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால், "மிஸ் முடிச்சு போட்டாங்கப்பா" என்று பேப்பரை நீட்டுவாள்.

அவளுக்குப் பத்து வயது. மூச்சு இழுப்பு உண்டு. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் நடுக்கூடத்தில் மனைவியின் தறி இருக்கிறது. டாக்டர் தூசி ஆகாது என்று சொன்ன நாளிலிருந்து மகள் தெருப்பக்க அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள். போன தீபாவளி வெடிப் புகையில் அவளுக்கு மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மூக்கில் மருந்துப் புகை வைத்துக் கிடந்தாள். அந்த உதட்டின் நிறத்தை நான் எந்தப் புடவையிலும் பார்க்க விரும்பவில்லை.

பொங்கலுக்குப் பிறகு ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. கோடை லீவு வந்ததும் டாக்டரே, "தண்ணியில ஆடட்டும், ஒண்ணும் ஆவாது, தூசி மட்டும் பாத்துக்குங்க" என்றார். மகள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது சென்னை போகிற வழியில் இருக்கும் பெரிய பொழுதுபோக்குப் பூங்காவைத்தான். அலை அடிக்கும் குளம், சுற்றும் ராட்டினம், அங்கேயே ஓர் இரவு தங்கல். அவள் வகுப்பில் போய்வராதவர்கள் இரண்டு பேர்தான் என்றும், அதில் இன்னொருத்திக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்றும் கணக்குச் சொன்னாள்.

தங்குவதற்கு அங்கே இரண்டு இடங்கள். ஒன்று பூங்காவின் உள்ளேயே இருக்கும் ரிசார்ட். இன்னொன்று ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் சிறிய ஓட்டல். என் மைத்துனர் போனில் இரண்டைப் பற்றியும் ஜனங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினார். ஒருத்தர் தலையணை உசரம் என்கிறார், ஒருத்தர் இட்லி ஆறிப்போயிருந்தது என்கிறார், ஒருத்தர் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை எழுதாமல் போயிருக்கிறார். எனக்கு எரிச்சல் வந்தது. "துணிய போட்டோவுல பாத்து யாராவது வாங்குவாங்களா? நேர்ல பாத்துட்டு நான் சொல்றேன்" என்றேன். அப்படித்தான் முன்பதிவு எதுவும் இல்லாமல் காலை பஸ்ஸில் கிளம்பினோம்.

முதலில் எதிர்ப்பக்க ஓட்டல். அறைகளைத் துடைத்துச் சுத்தம் பண்ணும் ஓர் அம்மா, சாவிக்கொத்தோடு வந்து கதவைத் திறந்து காட்டினார். வெறும் டைல்ஸ் தரை. மெல்லிய திரைச்சீலை. இரும்புக் கம்பி போட்ட ஜன்னல், இரண்டு கதவும் திறந்து கிடந்தது. ஒரு பீரோ, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். கட்டிலில் வெள்ளைப் பருத்தி விரிப்பு. நான் நேராக அதற்குத்தான் போனேன். ஓரத்தைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். நைந்த துணி, அந்தப் பக்கத்து வெளிச்சம் அப்படியே தெரிந்தது. தலைமாட்டில் ஒரு கிழிசலை உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார்கள்.

"வெந்நியில போட்டு அலசுறோம் சார். தெனம் அலசுறதுல மெலிஞ்சிருக்குது" என்றார் அந்த அம்மா.

இந்த மாதிரிச் சாக்கை நான் தினமும் கேட்கிறேன். மழை பெய்துவிட்டது, பாவு ஈரம் வாங்கிவிட்டது, கரண்ட் போய்விட்டது. பையிலிருந்து நூலை எடுத்து, ஒட்டுக்கு நேராக விரிப்பின் ஓரத்தில் ஒரு முடிச்சு போட்டேன். பழக்கதோஷம் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்போது அதில் ஒரு திமிரும் இருந்தது. அந்த அம்மா முடிச்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மனைவி வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துவிட்டாள். "இங்க ஒரு வாசனையும் இல்லீங்க" என்றாள்.

அதையும் குறைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்தது உள்ளே இருக்கும் ரிசார்ட். கதவைத் திறந்ததுமே மல்லிகை வாசனை. கால் புதையும் கம்பளம். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் வரைந்த ஒரு யானை, முதுகில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சிரித்தது. கட்டிலின் தலைப்பலகைக்கே மெத்தை வைத்துத் துணி உறை போட்டிருந்தார்கள். வெல்வெட் போர்வை. தரையிலிருந்து கூரை வரைக்கும் கனமான திரை. நான் அதைக் கையில் வாங்கினேன். அடர்த்தியான நெசவு, இழை ஒன்றுகூடப் பிசகவில்லை, கரை நேராக இறங்கியது. இருபது நிமிஷம் பார்த்தாலும் முடிச்சு போட இடம் கிடைக்காது. திரையை உதறி விலக்கியபோது கண்ணாடி வழியாக வெயில் உள்ளே விழுந்தது. அந்த வெயிலில் தூசி எழும்பி மெதுவாகச் சுற்றியது.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தறி ஓடுகிற வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு வெயிலில் தூசி மிதந்தால் வீட்டில் வேலை நடக்கிறது என்று அர்த்தம். தூசி மிதக்காத நாள் பாவு இல்லாத நாள், அடுப்பு யோசிக்கிற நாள். அதனால் அந்த அறையில் அது சுற்றியபோது எனக்கு மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. நம்ம வீடு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன்.

"எந்த ரூம்மா ஒனக்குப் புடிச்சிருக்குது?" என்று மகளிடம் கேட்டேன்.

அவள் யானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீ சொல்றதுதான்பா. நீதான் நல்லாப் பாப்ப."

இதுதான் என்று மேஜையைத் தட்டிச் சொல்லிவிட்டேன்.

அலைக் குளத்தில் அவள் ஒரு மணி நேரம் ஆடினாள். நான் கரையில் உட்கார்ந்து அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலை வந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் மூச்சு ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று எண்ணினேன். தண்ணீரில்தான் ஆபத்து வரும் என்று என் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தது. ஒன்றும் வரவில்லை. உதடு ரோஸாக இருந்தது, சிரித்தாள், பசிக்கிறது என்றாள். தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து, வெல்வெட் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு தூங்கிப்போனாள். நானும் கம்பளத்தில் துண்டை விரித்துப் படுத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம். ஏசி என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். மனைவி அதற்குள் எழுந்துவிட்டாள்.

மகள் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. மனைவி இன்ஹேலரைக் குழாயில் பொருத்தி வாயில் வைத்தாள். இரண்டு தடவை அழுத்தினாள். காத்திருந்தோம். விசில் குறையவில்லை. மறுபடி அழுத்தினாள். மகள் பேச வாயைத் திறந்தாள், "அப்" என்று வந்தது, மீதி வரவில்லை.

காற்று வேண்டும், ஜன்னலைத் திற என்று மட்டும்தான் தோன்றியது. திரையைப் பிடித்து இழுத்தேன். பின்னால் ஒரே கண்ணாடி. கொக்கியும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை, திறக்கிற ஜன்னலே இல்லை. நம்பாமல் திரையை அந்தப் பக்கம் இழுத்தேன், இந்தப் பக்கம் இழுத்தேன். தலைமேல் தூசி கொட்டியது.

"தெரைய விடுங்க" என்றாள் மனைவி. குரலை உயர்த்தவில்லை. "அதத் தொடாதீங்க. அதுலதான் இருக்குது."

அப்போதுதான் எனக்கு அந்த அறை முழுசாகத் தெரிந்தது. கம்பளம், தலைப்பலகை, போர்வை, திரை. நான் தடவித் தடவி மெச்சிய ஒவ்வொரு துணியும் வருஷக்கணக்காகத் தண்ணீரைப் பார்த்ததில்லை. மல்லிகை வாசனை அதை மூடி வைத்திருந்தது. அதற்குள்ளே என் பெண்ணைப் போர்த்திப் படுக்க வைத்தவன் நான்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வெளியே நடையிலும் கம்பளம். லிஃப்டிலும் அதே மல்லிகை. வரவேற்பு மேஜையில் ஆஸ்பத்திரி என்று சொன்னேன். கார் வரவழைக்கிறோம் சார், கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை எங்கே வைத்துக் கழிப்பது? மனைவி என் சட்டையைப் பிடித்து ரோட்டுப் பக்கம் இழுத்தாள். "காரு அங்க வரட்டும். காலையில பாத்த அந்த ரூமுக்குப் போவலாம், வாங்க."

எதிர்ப்பக்க ஓட்டலில் அந்த அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுச் சாவியோடு முன்னால் ஓடினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அதே அறை. அதே ஜன்னல், திறந்தே இருந்தது. நாற்காலியை ஜன்னலடியில் போட்டு மகளை உட்கார வைத்தோம். மனைவி, டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டின்படி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மருந்து கொடுத்தாள். கார் வந்து கீழே நின்றது. இன்னும் பத்து நிமிஷத்தில் அடங்காவிட்டால் கிளம்பிவிட வேண்டும் என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்து மகளின் முதுகில் கை வைத்திருந்தேன். எனக்கு இழை எண்ணத் தெரியும். அன்றைக்கு மூச்சை எண்ணினேன். எண்ணிக்கை தப்பிப்போனால் திரும்ப முதலிலிருந்து. உதட்டைப் பார்க்கப் பயமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன். வெளுத்திருந்தது, நீலம் ஏறவில்லை. ஐந்து நிமிஷம் ஒன்றும் மாறவில்லை. அப்புறம் கையடியில் முதுகு கொஞ்சம் தளர்ந்தது. விசில் மூச்சை விடும்போது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் தேய்ந்தது. கழுத்துக் குழி உள்ளே போவது நின்றது. "அம்மா, தண்ணி" என்று அவள் முழுசாக இரண்டு வார்த்தை சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

மனைவி டாக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அங்கேயே இருங்கள், திரும்ப வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். காரை அனுப்பிவிட்டோம்.

மகளைக் கட்டிலில் சாய்த்தோம். அந்த அம்மா சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மொதல்ல கொயந்தையப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தினமும் வெந்நீரில் அலசி அலசி மெலிந்த விரிப்பு, ஒரு பொட்டுத் தூசியில்லாமல், என் மகளின் கன்னத்தடியில் கிடந்தது. மனைவி எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நேரம் ஒரு சொல் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வெயில் இறங்குகிற நேரத்தில் மகள் கண்ணைத் திறந்தாள். தலைமாட்டில் எதையோ விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கு நேராக, ஓரத்தில், காலையில் நான் போட்ட சிவப்பு முடிச்சு.

"இது நீ போட்டதுதானே?" என்றாள்.

"ஆமாம்மா."

"அந்த யானை ரூம்ல போட்டியா?"

"இல்லம்மா."

நகத்தால் நெருடி நெருடி அந்த முடிச்சை அவிழ்த்தாள். அவசரப்படவில்லை, நூலை அறுக்கவும் இல்லை. "கிட்ட வாப்பா" என்றாள். குனிந்தேன். என் சட்டையில் மேல் பொத்தான் துளையில் அந்த நூலைக் கோத்து, இரண்டு சுற்று சுற்றி, இறுக்கி முடிச்சு போட்டாள். சின்னப் பிள்ளை போட்ட மாதிரி இல்லை. நான் போடுவதைப் பார்த்துப் பழகிய கை.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முடிச்சை அவிழ்க்காமல் அந்தச் சட்டையோடேயே வீட்டுக்குப் போனேன்.