தங்கைக்கு ஒரு மான் துப்பாக்கி

என் தங்கை கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அமெரிக்காவின் நடுவில் எங்கோ ஒரு சிற்றூர். அதன் பெயர் இன்னும் என் வாயில் சரியாக உட்காரவில்லை. சுற்றிலும் சோளக்கொல்லை, கொல்லை முடியும் இடத்தில் காடு, காட்டிலிருந்து இறங்கி வரும் மான்கள். பனி விழுவதற்கு முன் ஒரு மானை அடித்துவிட்டால் குளிர்காலம் முழுக்க ஃப்ரீசரில் கறி இருக்கும் என்று அவளோடு வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு முதுகுத் தண்டில் பிசகு, கனம் தூக்க முடியாது. "அப்போ நான் போறேன்" என்று இவள் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை. வேட்டை வகுப்புக்குப் போய் உட்கார்ந்து, பரீட்சை எழுதி, அனுமதிச் சீட்டும் வாங்கிவிட்டாள். மிச்சம் இருந்தது துப்பாக்கி. அதை வாங்க என்னைக் கேட்டாள்.

என்னை ஏன் கேட்டாள் என்பதுதான் இந்தக் கதை.

எங்கள் வீட்டில் மான் சுட்டவன் நான் ஒருவன்தான். பர்மாவில் பெகு மலையடிவாரத்தில் ஒரு சிறு ஊரில் அப்பா அரிசி மில்லில் எஞ்சின் பார்த்தார். மில்காரரிடம் உரிமத்தோடு ஒரு பழைய இருபத்திரண்டு காலிபர் துப்பாக்கி இருந்தது. துப்பாக்கிக் குழலின் துளை அகலத்தைக் காலிபர் என்பார்கள், அங்குலத்தை நூறாகவோ ஆயிரமாகவோ பங்கிட்டுச் சொல்லும் எண். இருபத்திரண்டு என்றால் மிகச் சின்ன வகை, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஈயத்துண்டு. முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் ஆனது. எனக்குப் பதினெட்டு வயது நடந்த கோடையில் அப்பா அதை இரவல் வாங்கி என்னைக் கூட்டிப் போனார். போன மறுநாள் நாங்கள் ஒரு கேளையாட்டைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு வந்தோம். கேளை மானில் சின்னது, ஆட்டுக்கிடா அளவு. தங்கைக்கு அப்போது எட்டு வயது. வாசலுக்கு ஓடி வந்தாள்.

"எத்தனை குண்டு அண்ணே?"

"ஒரே குண்டு. நின்ன இடத்துலயே சுருண்டு விழுந்துருச்சு."

நான்தான் சொன்னேன். அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். "கறியைக் கழுவணும், தண்ணி எடு" என்று உள்ளே போனார். பர்மியப் பெண்ணான என் அம்மா அந்தக் கறியைப் புளிச்சகீரையோடு வதக்கினாள். தங்கை பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னாள், என் அண்ணன் ஒரே குண்டில் மான் அடித்தான் என்று. கல்யாணத்தின்போது மாப்பிள்ளையிடம் சொன்னாள். பிறகு தன் பிள்ளைகளிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த மான் மேலும் மேலும் சுத்தமாக விழுந்துகொண்டே இருந்தது, முப்பது வருடமாக.

இப்போது அவள் கேட்கிறாள்.

"அண்ணே, கடையில மூணு காட்டுறாங்க. இருநூத்தி இருபத்தி மூணு, இருநூத்தி நாப்பத்தி மூணு, முந்நூத்தி எட்டு. எங்க சூப்பர்வைசர் முந்நூத்தி எட்டுதான் வாங்கணும்ங்கிறார். அவரோடதைச் சுட்டுப் பார்த்தேன். யம்மா! கழுதை உதைச்ச மாதிரி. தோள்பட்டை நீலம் பூத்துப் போச்சு. இப்போ விசையைத் தொட்டாலே கண்ணு தானா மூடிக்குது."

"கண்ணை மூடிக்கிட்டா சுடுறே?"

"மூடிக்குதுன்னு சொல்றேன், நான் மூடுறேன்னா சொன்னேன்? சின்னதே போதும்னு பார்க்கிறேன். இருநூத்தி இருபத்தி மூணு. நீ அடிச்ச இருபத்திரண்டோட அதே அகலந்தான், ஆனா மருந்து பத்து மடங்கு. நீ அதுலயே ஒரே குண்டுல அடிச்சியே. போதும்ல?"

அங்குள்ள மான் நம் கேளையைப் போல மூன்று பங்கு எடை என்று அவளே சொன்னாள். அப்படியும் என் பேச்சை நம்பினாள். வகுப்பில் படித்ததைவிட, வாத்தியார் சொன்னதைவிட, வாசலில் ஒரு பதினெட்டு வயதுக்காரன் சொன்ன பொய் அவளுக்குப் பெரிய சான்று. வரும் சனிக்கிழமை கடைக்குப் போகிறாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது, உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு நாள் காலையில் எழுதினேன். நான்கு நாளும் அழித்தேன்.

என் வீடு இன்னும் பர்மாவில்தான், நகரத்து லான்மடாப் பகுதியில், மூன்றாம் மாடி. வேலை ஆற்றுக்கு அந்தப்பக்கம் லைங் தாயாவில், தைத்து முடித்த ஜாக்கெட்டுகளில் குறை பார்ப்பது. தையல் ஓடாத இடம், பிசிறு விட்ட நூல், பொத்தான் காணாத துளை. விடிந்ததும் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். பாலத்துக்கு முன்னால் சில நாள் ராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்தி ஆளை இறக்கிப் போனை வாங்கிப் பார்ப்பார்கள். ஆகையால் வீட்டை விட்டு இறங்குமுன் போனைத் துடைப்பது எங்கள் எல்லோருக்கும் பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. படம், அரட்டை, தேடியது, கேட்டது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகமாக ஒரு போனை எடுத்துக்கொண்டு போவோம். அந்த ஊரிலிருந்து தங்கை வரிசையாகத் துப்பாக்கிப் படம் அனுப்புகிறாள். தோட்டாப் படம் அனுப்புகிறாள். "தமிழ்ல எழுது அண்ணே, யாருக்குப் புரியப் போகுது" என்கிறாள். எழுத்து புரியாது, சரி. படத்துக்கு எந்த மொழி வேண்டும்? இந்த நகரத்தில் இன்று ஒருவன் போனில் துப்பாக்கி இருந்தால் அது மானுக்கு என்று யாரிடம் சொல்லி நம்பவைப்பது?

ஆகவே படம் அழிந்தது. அதோடு சேர்ந்து நான் எழுதியதும் அழிந்தது. முதல் நாள் பயத்தில் அழித்தேன் என்பது நிஜம். இரண்டாம் நாள் பயம் எனக்கு வசதியாக இருந்தது என்பதும் நிஜம். 'அந்த மான் உடனே சாகவில்லை' என்று எழுதி அனுப்பாமல் விட, பாலத்துச் சோதனை எதற்கு? அது பதினெட்டு வயதிலேயே எனக்குத் தெரிந்த வித்தைதானே.

மறந்துவிடாமலிருக்க மூன்று எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பஸ்ஸில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த தையல் லைன் தலைவி எட்டிப் பார்த்துவிட்டாள். தினமும் மூன்று எண் லாட்டரி கட்டுகிறவள். கன்னத்தில் சந்தனம்போல் அரைத்துப் பூசிய தனக்காப் பட்டை காயுமுன்னே எண்ணைப் பற்றித்தான் பேச்சு.

"சயா! யார் குடுத்த நம்பர் இது?"

தொழிற்சாலையில் என்னை சயா என்பார்கள். குறை பார்க்கிறவன் வாத்தியார் மாதிரியாம்.

"தங்கச்சி."

"கனவு கண்டாங்களா?"

"அமெரிக்காவுல இருந்து அனுப்பினா."

"அம்மாடி, அமெரிக்கா நம்பரா? மூணுல எதுல நிக்கலாம்னு நீங்களே சொல்லுங்க. முந்நூத்தி எட்டு கனமாத் தெரியுது."

"அது உதைக்குமாம்."

"லாட்டரி உதைக்காம விடுமா சயா! சொல்லுங்க, எது?"

"இன்னும் முடிவு பண்ணலை."

"இப்படிக் கையில வச்சுக்கிட்டே இருங்க. நாள் போயிரும். அப்புறம் அழுங்க."

விளையாட்டாகச் சொன்னாள். அன்று முழுவதும் ஜாக்கெட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எந்தக் குறையும் கண்ணில் படவில்லை. சாயங்காலம் என் மேசையிலிருந்து போன இரண்டு கட்டு திரும்பி வந்தது.

எனக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது வேறு. மூங்கில் சருகின் நிறம். நூறு எட்டு தூரத்துக்கு அப்பால் பக்கவாட்டில் நின்ற செம்பட்டை முதுகு. "தூரம் ஜாஸ்தி, வேண்டாம்டா" என்று அப்பா கிசுகிசுத்தது. அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் விசையை இழுத்தது. அது விழவில்லை. குனிந்து, முதுகை வளைத்து, ஏதோ வயிற்றுக்குள் விழுங்கிக்கொண்டது போல மெல்ல நடந்து மூங்கிலுக்குள் போயிற்று. பிறகு குரல். கேளை நாய் குரைப்பதுபோல் கத்தும், பயத்தில் கத்தும். அடிபட்டால் அதே குரல் நைந்து நைந்து வரும். வெயில் சாயும்வரை அந்தக் குரலின் பின்னால் நடந்தோம், இருட்டில் தடம் தொலைந்தது. காலையில் ஓடைக்கரையில் கண்டோம். தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தது. அப்பா என்னைத் திரும்பி நிற்கச் சொல்லவில்லை. கத்தியால் முடித்தார். கத்தியை ஓடையில் கழுவினார். வழியெல்லாம் பேசவில்லை.

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன் என்று பல வருடம் அவர் மேலேயே பழியைப் போட்டிருந்தேன். அப்பா போய்ச் சேர்ந்தும் பதினைந்து வருடம் ஆகிறது.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அழைத்தேன். அங்கே அவளுக்கு வெள்ளிக்கிழமை மாலை ஆறு, வேலையிலிருந்து வந்த நேரம். இங்கே கரண்ட் இல்லை, சார்ஜ் விளக்கு வெளிச்சம். பின்னால் அவள் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம், பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை.

"சின்னது வாங்காதே" என்றேன்.

"ஏன்? நீ..."

"நான் பொய் சொன்னேன். அது விழலை."

"எது விழலை?"

"அந்தக் கேளை. வயித்துல பட்டுச்சு. நடந்து போச்சு. மறுநாள் காலையில அப்பா கத்தியால அறுத்தார்."

பாத்திரச் சத்தம் நின்றது. பிள்ளைகளைப் பார்த்து ஏதோ அதட்டினாள். பிறகு பர்மியத்தில் கேட்டாள். ரொம்ப ஆடிப்போனால் அவளுக்கு அம்மாவின் மொழிதான் வரும்.

"ஹௌக்லா? நிஜமாவா?"

"நிஜம்."

"எவ்வளவு நேரம் உசுரோட இருந்துச்சு?"

"பகல் மூணு மணிக்குச் சுட்டேன். விடிஞ்சும் இருந்துச்சு."

"நான் அதைத் தின்னேன் அண்ணே. ரெண்டு தரம் போடச் சொல்லித் தின்னேன்."

அவள் அழுகிறாளோ என்று காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். அழவில்லை. கோபமாக மூச்சு விட்டாள்.

"என் பிள்ளைங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். மாமா மாதிரி ஒரே குண்டுன்னு. சரி. இப்போவாவது உருப்படியாச் சொல்லு. எந்த நம்பர்?"

"நடுவுல உள்ளது. இருநூத்தி நாப்பத்தி மூணு. நூறு கிரெயின் எடைக் குண்டு கேளு, அதுல கனமானது அதுதான். முந்நூத்தி எட்டு நல்ல துப்பாக்கிதான், ஆனா உன்னைக் கண்ணை மூட வைக்குதுல்ல? கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டா பீரங்கியும் வயித்துலதான் படும். நடுவுல உள்ளதுல நிறையச் சுட்டுப் பழகு. முன்னங்காலுக்குப் பின்னால, நெஞ்சுல. பக்கவாட்டுல நின்னாத்தான். தூரமா இருந்தா..."

"தூரமா இருந்தா சுடக்கூடாது. வகுப்புல சொன்னாங்க."

"அப்பாவும் சொன்னார்."

"உன்கிட்டயா?"

"என்கிட்டதான். கேக்கலை."

அவள் போனை வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் ஒரு படமும் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. என் போனைத் துடைக்க ஒன்றுமே இருக்கவில்லை. வெறும் போனோடு பாலம் கடந்தேன், இறங்கி நின்றேன், நீட்டினேன், வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் குரல் செய்தி வந்தது. பின்னால் காற்று. அவள் மூச்சிரைக்கப் பேசினாள், பாதி தமிழ், பாதி பர்மியம். வேட்டை தொடங்கிய முதல் சனிக்கிழமை மான் ஒன்று வந்ததாம், கொல்லைக்கு அந்தக் கோடியில் நின்றதாம், கை விரல் விசையில், தூரம் என்று துப்பாக்கியை இறக்கிவிட்டாளாம். மாப்பிள்ளை கேலி செய்தாராம், சீட்டு வாங்கினது மானைப் பார்த்துக் கும்பிடவா என்று. இன்றைக்கு ஒரு பெட்டை மான் அறுபது எட்டு தூரத்துக்குள் பக்கவாட்டில் நின்றது.

"கண்ணு மூடலை அண்ணே. நெஞ்சுலதான் பட்டுச்சு. ஆனா விழலை. ஓடுச்சு. என் உசுரே போயிருச்சு. எண்ணிக்கிட்டே பின்னால போனேன். நாப்பத்தி ஒரு எட்டு. அங்கே கிடந்துச்சு, முடிஞ்சுபோச்சு. வீட்டுக்கு வந்ததும் சின்னவன் வாசல்லயே கேட்டான், ஒரே குண்டான்னு. ஆமாண்டா, ஒரே குண்டு, ஆனா நாப்பத்தி ஒரு எட்டு ஓடுச்சு, வா காட்டுறேன்னு கூட்டிக்கிட்டுப் போனேன். இலையில ரத்தம் இருக்கிற இடமெல்லாம் காட்டினேன். பேசாம நடந்து வந்தான்."

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள்.

"பேசாமதான் வந்தான். ஆனா கையை விடலை."