நாத்தனாருக்கு ஒரு ஸ்பீக்கர்

எத்தனை வாட்ஸ், என்ன கம்பெனி, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்... ஏன் சாமி, உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா?

போன வாரம் எங்கள் தெரு ஜெபமாலை ஊர்வலத்தில் நான் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். அதைப் பார்த்தாலும் பார்த்தீர்கள் — நேற்று கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வாசகி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"பாட்டிம்மா, அந்த ஸ்பீக்கரு எங்க வாங்குனீங்க? ஒயரே இல்லியாமே?"

"என் முட்டி வலி எப்பிடி இருக்குன்னு மொதல்ல கேளுடி. அப்புறம் ஸ்பீக்கருக்குப் போவலாம்."

"முட்டி எப்பிடி இருக்கு பாட்டிம்மா? ஸ்பீக்கரு எந்தக் கடை?"

இப்படித்தான் இருக்கிறீர்கள். சரி, சொல்லித் தொலைக்கிறேன். ஆனால் ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் என் நாத்தனார் ஜெசிந்தாவில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஜெசிந்தா என் வீட்டுக்காரரின் தங்கை. கடலூர் முதுநகரில் எனக்குப் பக்கத்துச் சந்து. புருஷன் போனபிறகு தனியாகத்தான் இருக்கிறாள். அக்டோபர் வந்தால் எங்கள் தெரு வேதக்காரக் குடும்பங்கள் தினம் சாயங்காலம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். கடைசி நாள் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு தெருவையே சுற்றி வருவோம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜெபமாலையில் கோத்திருக்கிற ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஜெபம். 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று முன்பாதியை ஒருவர் சொல்ல, 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்று பின்பாதியைக் கூட்டம் சொல்லும். இப்படிப் பத்து மணி சொன்னால் ஒரு கட்டு. முன்பாதி காதில் விழுந்தால் பின்பாதி தானாக வாயில் வந்துவிடும். கொட்டாவி மாதிரி... நிறுத்த முடியாது.

எங்கள் தெருவுக்கு முன்பாதி ஜெசிந்தாதான். எத்தனை வருஷம் என்று அவளுக்கே தெரியாது.

இந்த வருஷம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனது. பாண்டிச்சேரி போய்ச் செய்துகொண்டு வந்தாள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. குரல்தான்... சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு 'ஸ்ஸ்'. "குரல் திரும்பும், நாளாகும். தினமும் மெதுவாகப் பேசிப் பழகுங்க. கத்தாதீங்க" என்றார் டாக்டர்.

அக்டோபர் முதல் நாள். வழக்கம்போல் கரண்ட் இல்லை. இருட்டு, புழுக்கம், கொசு. ஜெசிந்தா முன்பாதியை ஆரம்பித்தாள். முதல் வரிசைக்குக் கேட்டது. இரண்டாவது வரிசை அவள் உதட்டைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்னது. வாசலில் இருந்தவர்கள் அவள் பாதியில் இருக்கும்போதே பின்பாதியைத் தொடங்கிவிட்டார்கள். ஒரே தெரு, ஒரே மாதா — ஆனால் ஆளுக்கு ஒரு மணியில் நின்றோம்.

எங்கள் ஜெபக்குழுவுக்குத் தலைவி ஸ்டெல்லா. பள்ளிக்கூட டீச்சர். தங்கமான பெண். அவள் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஆன்ட்டி, இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்க. ஜெபமால சி.டி. இருக்கு. என் லேப்டாப்புல போட்டுக்கறோம். நீங்க சும்மா வந்து ஒக்காந்தா போதும்."

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் கவனித்திருக்கிறீர்களா? வயதானவர்களை ஓரங்கட்டுவதற்கு இந்த உலகம் கண்டுபிடித்த மிக மரியாதையான வார்த்தை 'ரெஸ்ட்'. கோபப்படவும் முடியாது. தேங்க்ஸ் வேறு சொல்ல வேண்டும்!

மறுநாளில் இருந்து ஜெசிந்தா வரவில்லை. ஜெபத்துக்கு மட்டுமா? ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இல்லை. மீன் வாங்க இல்லை. அவள் மீன்காரியிடம் பேரம் பேசாத வாரம் என்று ஒன்றை நான் பார்த்ததே கிடையாது. தினமும் பேசிப் பழகச் சொன்னார் டாக்டர். இவளோ கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்படியே விட்டால் குரல் எங்கிருந்து திரும்பும்?

எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் நான் சண்டைதான் போடுவேன். போய்க் கதவைத் தட்டினேன்.

"ஆபரேஷன் தொண்டையிலதான? கால எதுக்குடி மடக்கிப் போட்டுகினு கெடக்கற?"

"போங்க அண்ணி..." என்றாள். 'அண்ணி' மட்டும்தான் காதில் விழுந்தது. 'போங்க' என்பது நானாக யூகித்தது.

திரும்பி வரும் வழியில் கோலமாவு விற்கிறவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். வாய் மூடியிருக்கிறது, வியாபாரம் கூவுகிறது. எப்படி? ஹேண்டில்பாரில் ஒரு பேட்டரிப் பெட்டி! இவருடைய கோலமாவுக்கு இருக்கிற வசதி என் நாத்தனாரின் ஜெபத்துக்கு ஏன் இருக்கக் கூடாது?

அன்றைக்கே கிளம்பிக் கடலூர் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் ஒவ்வொரு ஸ்பீக்கராக எடுத்து வைத்தாள். நான் மைக்கை வாங்கி வாங்கி முன்பாதியைச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் கணீரென்று இருந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்றே புரியவில்லை.

"எல்லாமே சூப்பரா கேக்குதே பொண்ணு?"

"பாட்டி... இன்னும் மைக்க ஆனே பண்ணல பாட்டி."

சிரிக்காதீர்கள். செருப்பு வாங்கப் போகும்போது போட்டுக்கொள்கிறவரின் காலை அல்லவா கூட்டிப்போக வேண்டும்? சொந்தக் குரலை வைத்துக்கொண்டு அடுத்தவர் தொண்டைக்கு அளவு எடுத்தால் இப்படித்தான் ஆகும். அந்தப் பெண்ணே சொன்னாள்: "ஒயர் இல்லாத மைக்கோட பேட்டரி செட்டுன்னா சிதம்பரத்துல பாருங்க பாட்டி. வாத்தியாருங்க அங்கதான் வாங்கறாங்க."

சரி, ஜெசிந்தாவை எப்படிக் கிளப்புவது? ஸ்பீக்கர் என்று சொன்னால் வரமாட்டாள். அதனால் உண்மையில் கொஞ்சம் மசாலா சேர்த்தேன்.

"ஏ ஜெசிந்தா, அந்த சி.டி.யில ஒருத்தி ஜெபம் சொல்றா பாரு... அப்பிடியே உருகுது சனம். ஒன்னவிட ஜாஸ்தி நல்லாருக்குதாம்."

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"எவ அவ?" காற்றாகத்தான் வந்தது. ஆனால் சூடான காற்று.

"யாருக்குத் தெரியும்? மூச்சே வுடாம ஓட்டுறா. சட்டுனு முடிஞ்சிடுது, வூட்டுக்குப் போயி சீரியல் பாக்கலாம்னு எல்லாருக்கும் சந்தோஷம்."

"ஜெபமால என்னா எக்ஸ்பிரஸ் வண்டியா?" என்றாள் ஜெசிந்தா. புடவையை மாற்றிக்கொண்டாள்.

சிதம்பரத்தில் மேலவீதிப் பக்கம் அந்தக் கடை. கடைக்காரர் லால்பேட்டை பாய். ஜெசிந்தா முகத்தைப் பார்த்தார், கழுத்துத் தழும்பைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் ஸ்டூல் எடுத்துப் போட்டார். நல்ல மனுஷன்.

முதலில் பன் சைஸில் ஒன்றைக் காட்டினார்.

"இது புளூடூத்தும்மா. புதுசா வந்துருக்கு. போன்ல இருக்கற பாட்டெல்லாம் இதுல வரும்."

"போன்ல இருக்கறது வரும் பாய். தொண்டையில இருக்கறது வருமா?"

"அதுக்கு மைக் வேணும்மா..." சிரித்துக்கொண்டே உள்ளே வைத்தார்.

அடுத்தது சக்கரம் வைத்த சூட்கேஸ் மாதிரி. ஜெசிந்தா கையில் மைக்கைக் கொடுத்தார். மாட்டேன் என்று தலையாட்டினாள். "பயமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், பிடுங்கிக்கொண்டு முன்பாதியைச் சொன்னாள்.

அப்பா! கட்சி மீட்டிங்கில் தலைவர் பேசுகிற மாதிரி கடையே அதிர்ந்தது. ஜெசிந்தா மைக்கைப் பாம்பைப் போடுகிற மாதிரி மேஜைமேல் போட்டாள்.

"இது நான் இல்ல அண்ணி." கண் கலங்கிவிட்டது. "எனக்கு எதுவும் வேணாம். வாங்க போவலாம்."

இதற்குமேல் கிண்டல் செய்தால் அழுதுவிடுவாள். எனக்கும் வேறு எதுவும் பேசத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஆமாம், நான்தான்!

பாய்தான் பேசினார். "ஒரே ஒரு செட்டு பாத்துட்டுப் போங்கம்மா. புடிக்கலன்னா வேணாம்."

தோளில் மாட்டுகிற ஒரு பெட்டியை எடுத்தார். சாப்பாட்டுக் கேரியர் உயரம்தான் இருக்கும். அதை என் தோளில் மாட்டினார். ஒயர் இல்லாத மைக்கை அவளிடம் கொடுத்தார். சத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றச் சொல்லி எனக்குக் காட்டிவிட்டு, ஜெசிந்தாவிடம், "அண்ணிய வாசல்ல போயி நிக்கச் சொல்லுங்க. நீங்க எப்பவும் போல மொள்ள சொல்லுங்க" என்றார்.

நான் பெட்டியோடு வாசலுக்குப் போனேன். உள்ளே ஜெசிந்தா மூச்சை இழுக்கிற சத்தம் என் தோளில் கேட்டது.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

அதே குரல்தான். கரகரப்பும் காற்றும் எல்லாம் அப்படியே. ஆனால் முழுசாக இருந்தது. ஒரு எழுத்துக்கூட உடையவில்லை. முன்பாதி முடிந்தது.

ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்து ஆம்பளைக் குரல் ஒன்று, "அர்ச்சிஷ்ட மரியாயே..." என்றது.

பார்த்தால், டிராபிக் போலீஸ்காரர்! நெற்றியில் பட்டையாக விபூதி. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்பாதியை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். ரோட்டில் சத்தம் போட்டதற்குப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, ஒண்ணோட நிறுத்திட்டீங்க?" என்றார். "பாதர்மாருங்க ஹாஸ்டல்ல படிச்சவன்மா நானு. டெய்லி முட்டி போட வச்சி சொல்ல வப்பாங்க. முன்பாதி காதுல வுழுந்துச்சா... வாய் தானா சொல்லிடுச்சு."

பத்து முடியாமல் நடுவில் நிறுத்துகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஜெசிந்தாவும் நிறுத்துகிறவள் இல்லை. கடைக்குள் இருந்து இரண்டாவது மணியை ஆரம்பித்தாள். போலீஸ்காரர் வாசலில் நின்று பதில் சொன்னார். பாய் எழுந்து போய் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யின் சத்தத்தை நிறுத்தினார். சார்ஜர் வாங்க வந்த ஒருவர், "பாய், அந்த சார்ஜரு..." என்று தொடங்க, "முடியட்டும் தம்பி" என்று கையமர்த்தினார். ரோட்டில் பைக்குகள் தன்னிஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. மாதா பார்த்துக்கொள்ளட்டும்!

பத்து முடிந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தேன். என் நாத்தனார் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வேர்த்திருந்தது.

"எனக்குக் கேட்டுச்சு அண்ணி. அந்தாண்ட வரைக்கும் போனது எனக்கே கேட்டுச்சு."

அந்தப் பெட்டியைத்தான் வாங்கினோம். எத்தனை வாட்ஸ் என்று நாங்கள் கேட்கவே இல்லை. ரோட்டைத் தாண்டி ஒரு போலீஸ்காரர் வரைக்கும் — எங்களுக்கு அது போதும். நீங்களும் ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? யார் பேசப் போகிறாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். யார் கேட்கவேண்டுமோ அவர் நிற்கிற தூரத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். மிச்சமெல்லாம் அட்டைப் பெட்டியில் அச்சடித்த கதை.

அன்றைக்குச் சாயங்காலமே போய் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சேதியைச் சொன்னோம். அவள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டாள். சொன்னேனே, தங்கமான பெண்.

கடைசி நாள் ஊர்வலம். கரண்ட் இல்லை, தூறல் வேறு. பெட்டிக்கு பிளாஸ்டிக் கவர் மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு நான் நடுவில் நடந்தேன். ஜெசிந்தா மைக்கோடு முன்னால் போனாள். தெருக்கோடி வீட்டு வாசலில் இருந்துகூட பின்பாதி சரியான நேரத்தில் திரும்பி வந்தது. கூட்டத்தின் வாலில் இருந்த ஸ்டெல்லா, கேட்கிறது, கேட்கிறது என்று டார்ச்சை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

எல்லாம் முடிந்து தெருமுனையில் சுண்டல் கொடுத்தார்கள். பெட்டியைக் கழற்றக்கூட நேரமில்லை, நான் சுண்டலில் மும்முரம். ஸ்டெல்லா, ஜெசிந்தாவை வெந்நீர் குடிக்கத் தன் வீட்டுக்குள் கூட்டிப் போயிருந்தாள். மைக் ஜெசிந்தாவின் கையிலேயே இருந்தது. அதை அணைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

திடீரென்று என் தோள் பேச ஆரம்பித்தது.

"எங்க அண்ணி இருக்குதே, ஸ்டெல்லா... மூணாவது மணிக்கே கொட்டாவி வுடும். ஒரு நாளும் ஒழுங்கா ஜெபம் சொன்னது கெடையாது."

சுண்டல் தின்றுகொண்டிருந்த கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பெட்டியை அணைக்கச் சுவிட்சில் கை வைத்தேன். ஆனால் இன்னும் என்னென்ன சொல்கிறாள் என்று தெரிய வேண்டாமா?

"ஆனா நீங்கல்லாம் என்னைய ரெஸ்ட் எடுக்கச் சொன்னீங்க. அது ஒண்ணுதான் எழுந்திரிடின்னு சண்ட போட்டுது. அது மட்டும் வரலன்னா நான் அந்தக் கதவ தொறந்திருக்கவே மாட்டேன்மா."

நான் சுவிட்சை அணைத்தேன். சுண்டலில் காரம் அதிகம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "என்னா பாட்டிம்மா, நாத்தனாரு நேத்து ஒங்களத் தூக்கி வச்சிப் பேசுனாங்களே! தெருவே கேட்டுச்சே!"

"அதுவா? சார்ஜ் எறங்கிப்போச்சுடி, அதான் அப்பிடி ஒளறியிருக்கு" என்றேன். "ராத்திரி பூரா சார்ஜ் போட்டேன். விடிஞ்சதும் ஜெசிந்தா வந்து, பெட்டி கவர ஏன் ஈரத்தோட மடிச்சி வச்சேன்னு என்னத் திட்டித் தீத்துட்டா. வாசல் வரைக்கும் கேட்டுச்சு, மைக்கே இல்லாம. இப்ப நல்லா வேல செய்யுது."